அக்டோபர் 29: ஒரு நாள், நான்கு ஊர்கள், ஒரு பாடம்

நுழையும் முன்

மாணவர்களே! உங்கள் வீட்டு நாள்காட்டியில் அக்டோபர் மாதத் தாளை எடுத்துப் பாருங்கள். 29ஆம் நாளின் அருகே தமிழ் மாதமாகிய ஐப்பசியின் 12 அல்லது 13ஆம் நாள் என்று அச்சிடப்பட்டிருக்கும். மலையாள நாள்காட்டியில் அதே நாள் துலாம் மாதத்தில் வரும். அந்த நாளுக்கு உலகின் வானிலை வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1999, 2012, 2014, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளில், ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் உள்ள நான்கு இடங்களில், காற்றும் மழையும் அந்த நாளில் பேரழிவை உண்டாக்கின. அவை எவை, ஏன் நிகழ்ந்தன, அவற்றிலிருந்து திருவனந்தபுரத்தில் வாழும் நாம் அறிய வேண்டியது என்ன என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கூதிர் காலம்

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். மேலைநாடுகளில் மரங்கள் இலைகளை உதிர்க்கும் இலையுதிர் காலமும் நம்முடைய கூதிர் காலமும் ஏறத்தாழ ஒரே மாதங்களில் வருகின்றன. அங்கே அது இலை உதிரும் பருவம். இங்கே அது மழை பொழியும் பருவம்.

காற்றுக்கும் நம் முன்னோர் திசைதோறும் பெயர் வைத்தனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. காற்றின் திசையை அறிந்தவர்க்கே மழையின் வரவு தெரியும். ஆதலால் இப்பெயர்கள் வெறும் அழகுக்காகத் தோன்றியவை அல்ல. உழவருக்கும் கடலோடிகளுக்கும் நாள்தோறும் பயன்பட்ட அறிவு அவற்றில் அடங்கியுள்ளது.

கேரளத்தில் வாழும் உங்களுக்கு இரண்டு மழைக்காலங்கள் பழக்கமானவை. ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்கிலிருந்து வரும் மழையை மலையாளத்தில் இடவப்பாதி என்பர். இடவம் என்பது நம் வைகாசி மாதம். அதன் பாதியில் வருவதால் அப்பெயர். அக்டோபரில் காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும்போது வருவது துலாவர்ஷம். நண்பகலுக்குப் பின் வானம் இருண்டு, இடியும் மின்னலுமாகப் பெய்யும் மழை அது. தமிழ்நாட்டில் இதே மழைக்கு வடகிழக்குப் பருவமழை என்று பெயர். தமிழ்நாடு ஓர் ஆண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி இப்பருவத்தில்தான் கிடைக்கிறது. ஏரிகளும் கிணறுகளும் நிறைவது இம்மழையால்தான். 2022ஆம் ஆண்டில் இப்பருவமழை தொடங்கிவிட்டது என இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்த நாளும் அக்டோபர் 29தான். ஆகவே இந்த நாள் அழிவை மட்டும் நினைவூட்டுவதன்று. வாழ்வளிக்கும் மழையையும் நினைவூட்டுவது.

1999: ஒடிசாவின் சூப்பர் புயல்

புயல் ஒரே நாளில் பிறப்பதில்லை. கதிரவன் வெப்பத்தால் கடல்நீர் சூடாகிறது. கடற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும்போது நீராவி மிகுதியாக மேலெழுகிறது. அந்த இடத்தில் காற்றழுத்தம் குறைகிறது. சுற்றிலும் உள்ள காற்று அவ்விடத்தை நிரப்ப விரைகிறது. புவி தன்னைத் தானே சுற்றுவதால் அக்காற்று நேராகச் செல்லாமல் வளைந்து சுழல்கிறது. வடகோளத்தில் இச்சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அமையும். மேலெழுந்த நீராவி குளிர்ந்து மேகமாகும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பம் சுழற்சிக்கு மேலும் வலுவூட்டுகிறது.

முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, பின்னர் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அடுத்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அதன்பின் புயல் என்று அது படிப்படியாக வளர்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் அதற்குப் புயல் என்று பெயர். மணிக்கு 221 கிலோமீட்டரைக் கடந்தால் அது சூப்பர் புயல்.

1999 அக்டோபர் மாத இறுதியில் வங்கக் கடலில் அத்தகைய சூப்பர் புயல் ஒன்று உருவாயிற்று. அக்டோபர் 29 காலை அது ஒடிசாவின் பாராதீப் துறைமுகத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. காற்று மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. கடல்மட்டத்தில் இயல்பான காற்றழுத்தம் ஏறத்தாழ 1013 மில்லிபார். இப்புயலின் நடுவில் அது 912 மில்லிபாராகக் குறைந்தது. அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கடுமையாகக் காற்று உள்நோக்கிப் பாயும்.

எனினும் மிகுதியான உயிர்களைப் பறித்தது காற்றன்று; நீர். புயல் காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளியது. ஐந்து முதல் ஆறு மீட்டர் வரை உயர்ந்த கடல், தாழ்வான நிலத்தில் பல கிலோமீட்டர் தொலைவு உட்புகுந்தது. ஆறு மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டு மாடி வீட்டின் உயரம். ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எரசமா வட்டாரம் பெருந்துயருக்கு உள்ளானது. அரசின் கணக்கின்படி ஏறத்தாழப் பத்தாயிரம் மக்கள் இறந்தனர்.

புயல் வருகிறது என்ற செய்தி மக்களிடம் இல்லாமல் இல்லை. ஆனால் ஓடிச் சென்று ஒதுங்குவதற்கு உயரமான, உறுதியான கட்டடங்கள் மிகச் சிலவே இருந்தன. செய்தி மட்டும் உயிரைக் காக்காது. செல்வதற்கு ஓர் இடமும் வேண்டும்.

கேந்திரபாரா மாவட்டத்தில் பின்னர் நடந்த ஆய்வு வேறோர் உண்மையையும் காட்டியது. கடலுக்கும் ஊருக்கும் இடையே அலையாத்திக் காடு அகலமாக இருந்த ஊர்களில் உயிரிழப்புக் குறைவாக இருந்தது. மலையாளத்தில் கண்டல் காடு என்று நீங்கள் கேள்விப்படுவது இதுவே. தமிழிலும் கண்டல் என்ற சொல் உண்டு.

ஒடிசா இந்த அழிவை மறக்கவில்லை. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த ஆண்டே அமைக்கப்பட்டது. கடற்கரை நெடுகிலும் நூற்றுக்கணக்கான புயல் பாதுகாப்பு இல்லங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் பல, மற்ற நாள்களில் பள்ளிக்கூடங்களாகப் பயன்படுகின்றன. 2013 அக்டோபரில் பைலின் என்னும் கடும்புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அப்போது இறந்தோர் எண்ணிக்கை ஐம்பதுக்கும் குறைவு. பத்தாயிரம் எங்கே, ஐம்பது எங்கே! பதினான்கு ஆண்டுகளில் கடல் மாறவில்லை, மனிதர் மாறினர். இன்று ஒடிசாவில் அக்டோபர் 29ஆம் நாள் பேரிடர் ஆயத்த நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

2012: நியூயார்க்கில் புகுந்த கடல்

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அதே அக்டோபர் 29ஆம் நாள் இரவு, சாண்டி என்னும் புயல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலக் கரையைக் கடந்தது. கரீபியன் கடலில் பிறந்து, ஜமைக்கா, கியூபா, எய்ட்டி முதலிய நாடுகளில் சேதம் விளைவித்து, வடக்கு நோக்கிச் சென்ற புயல் அது. அத்தகைய புயல்கள் பெரும்பாலும் கிழக்கே வளைந்து அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் சென்று மறைந்துவிடும். ஆனால் அப்போது வட அட்லாண்டிக்கில் கிரீன்லாந்துப் பக்கம் நிலைகொண்டிருந்த உயர்ந்த காற்றழுத்தம் வழியை அடைத்தது. புயல் இடப்புறம் திரும்பிக் கரையை நோக்கி வந்தது. வழியில் குளிர்காற்றும் அதனுடன் கலந்ததால் அது மிகப் பரந்த புயலாக விரிந்தது.

அன்று முழுநிலா நாள். முழுநிலா நாளில் கடலின் ஏற்றம் இயல்பாகவே மிகுதியாக இருக்கும். அந்த ஏற்றத்தின் மீது புயல் தள்ளிய நீரும் சேர்ந்தது. நியூயார்க் நகரின் தென்முனையில் நீர்மட்டம், கடல் வற்றும்போது இருக்கும் மட்டத்திலிருந்து நான்கு மீட்டருக்கும் மேலாக உயர்ந்தது. சுரங்க இரயில் பாதைகளுக்குள் கடல்நீர் பாய்ந்தது. இலட்சக்கணக்கான வீடுகள் மின்சாரம் இழந்தன. அமெரிக்காவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆயினும் இரயில்கள் முதல்நாள் மாலையிலேயே நிறுத்தப்பட்டிருந்ததால், நீர் புகுந்த சுரங்கங்களில் பயணிகள் எவரும் சிக்கவில்லை. எச்சரிக்கையைக் கேட்டு முன்கூட்டியே எடுத்த முடிவின் பயன் இது.

அதே நாள்களில் நம் வங்கக் கடலிலும் ஒரு புயல் வளர்ந்துகொண்டிருந்தது. நீலம் என்று பெயரிடப்பட்ட அப்புயல் அக்டோபர் 31 அன்று மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தது. பிரதீபா காவேரி என்னும் எண்ணெய்க் கப்பல் சென்னைக் கடற்கரையில் தரைதட்டி நின்ற காட்சியை உங்கள் பெற்றோர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கக் கூடும்.

2014: கொஸ்லந்தையில் சரிந்த மலை

மூன்றாவது நிகழ்வு நம் மொழி பேசும் மக்களுக்கு நேர்ந்தது. இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்கே மீரியபெத்த என்பது ஒரு தேயிலைத் தோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தமிழ்நாட்டிலிருந்து காப்பி, தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகச் சென்றவர்களின் வழித்தோன்றல்களே அங்கு வாழ்ந்தனர். இவர்களை மலையகத் தமிழர் என்பர். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்ற தமிழர் குடும்பங்கள் என்ற வகையில் அவர்களுக்கும் உங்களுக்கும் ஓர் உறவு உண்டு.

2014 அக்டோபரில் அப்பகுதியில் தொடர்ந்து மழை பெய்தது. 29ஆம் நாள் காலை, ஏறத்தாழ ஏழரை மணிக்கு, மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தது. தொழிலாளர் வாழ்ந்த லயன் வீடுகள் வரிசையாக மண்ணுக்குள் புதைந்தன. காலையிலேயே பள்ளிக்குச் சென்றுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை. வீட்டில் இருந்தவர்களும் இல்லை.

மலை ஏன் சரிகிறது? மண் ஒரு பஞ்சு போன்றது. ஓரளவுக்கு மேல் அதனால் நீரைத் தாங்க இயலாது. நாள்கணக்கில் பெய்யும் மழை மண்துகள்களுக்கு இடையே புகுந்து அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகிறது. மண்ணின் எடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் முழுச்சரிவும் பாறையிலிருந்து வழுகிக் கீழே இறங்குகிறது. அதற்கு முன் சில அறிகுறிகள் தோன்றுவதுண்டு. தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் காணப்படும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கும். கதவுகள் நிலையில் சிக்கித் திறக்க மறுக்கும்.

மீரியபெத்த பாதுகாப்பற்ற இடம் என்று இலங்கையின் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எனினும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது. ஒடிசா மக்களுக்கு ஒதுங்க இடம் இல்லாதது போலவே, அன்றாடக் கூலியில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கும் வேறு வீடு இல்லை.

இது தொலைநாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். நம் கேரளத்தில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு இதே போன்ற நிலச்சரிவு ஏற்பட்டது. லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் மறைந்தனர். அவர்களும் தமிழ் பேசும் தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தினரே.

2024: வலென்சியாவின் பெருவெள்ளம்

நான்காவது நிகழ்வு ஸ்பெயின் நாட்டில் நடந்தது. கோடை முழுவதும் வெயிலை வாங்கிய மத்தியதரைக் கடல், அக்டோபர் மாதத்திலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அப்போது வடக்கிலிருந்து குளிர்ந்த காற்றுத்திரள் ஒன்று பிரிந்து வந்து, உயரத்தில் ஒரே இடத்தில் தங்கிவிடுவதுண்டு. கீழே வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று, மேலே கடுங்குளிர். இவ்விரண்டும் சந்திக்கும்போது மேகங்கள் மலைபோல் குவிந்து, நகராமல் ஒரே பகுதியில் கொட்டித் தீர்க்கும்.

2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா மாநிலத்தின் சிவா என்னும் ஊரில் எட்டு மணி நேரத்தில் 491 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏறத்தாழ ஓர் ஆண்டில் பெய்ய வேண்டிய மழை அது. இந்த எண்ணின் பொருள் என்ன? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஆகவே சிவாவில் ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்திலும் 491 லிட்டர் நீர் விழுந்தது. பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள ஒரு முற்றத்தில் மட்டும் 49,100 லிட்டர்!

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. வெள்ளத்தால் மிகுந்த உயிர்ச்சேதம் அடைந்த பைபோர்த்தா என்னும் ஊரில் அன்று மழை மிகக் குறைவு. மேட்டு நிலத்தில் பெய்த மழை, பெரும்பாலும் வறண்டு கிடக்கும் ஓர் ஓடை வழியாகப் பாய்ந்து வந்து அவ்வூரை மூழ்கடித்தது. நம் தலைக்கு மேல் மழை இல்லை என்பதால் நம் காலடியில் வெள்ளம் வராது என்று சொல்ல இயலாது. அகத்தியமலைப் பக்கத்தில் பெய்யும் மழைதான் திருவனந்தபுரம் நகரின் வழியே ஓடும் கரமனை ஆற்றில் பெருகி வருகிறது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

ஸ்பெயின் வானிலை நிறுவனம் அன்று காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. வலென்சியா பல்கலைக்கழகம் அன்றைய வகுப்புகளை நிறுத்தியது. ஆனால் மக்களின் கைப்பேசிகளுக்கு அரசின் அவசரச் செய்தி சென்றபோது இரவு எட்டு மணி கடந்துவிட்டது. அதற்குள் பல ஊர்களில் தெருக்கள் ஆறுகளாகிவிட்டன. இருநூற்று இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அந்த நாள் தீய நாளா?

நான்கு பேரிடர்களும் ஒரே நாளில் நிகழ்ந்தமையால் அக்டோபர் 29ஆம் நாளைத் தீய நாள் என்று கருதலாமா? கூடாது. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவதாக, வடகோளத்தில் அக்டோபர் மாத இறுதி என்பது மாற்றத்தின் காலம். கதிரவன் தெற்கு நோக்கி நகர்கிறது. நிலமும் உயர்வானக் காற்றும் குளிரத் தொடங்குகின்றன. ஆனால் கடல் மெதுவாகவே குளிரும். கடலின் வெப்பமும் காற்றின் குளிர்ச்சியும் ஒருங்கே நிலவும் இக்காலத்தில் புயலும் பெருமழையும் தோன்றுவது இயல்பு. நாம் 29ஆம் நாளுக்குப் பதிலாக 25ஆம் நாளையோ 31ஆம் நாளையோ எடுத்துத் தேடினாலும் வேறு சில நிகழ்வுகள் கிடைக்கும்.

இரண்டாவதாக, நாள் என்பது மனிதர் வகுத்த கணக்கு. சாண்டி புயல் நியூஜெர்சிக் கரையைக் கடந்தபோது அங்கே அக்டோபர் 29 இரவு. அதே நேரத்தில் இந்தியாவில் அக்டோபர் 30 விடியற்காலை. நம் வானிலைத் துறை ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு முந்தைய 24 மணி நேர மழையை அளந்து எழுதுகிறது. எனவே 29ஆம் நாள் மாலை நீங்கள் நனைந்த மழை, ஏட்டில் 30ஆம் நாளின் மழையாகப் பதிவாகும். மேகத்துக்கு நாள்காட்டி தெரியாது.

ஆகவே அஞ்ச வேண்டியது நாளை அன்று. அறிய வேண்டியது பருவத்தை.

நம் கடற்கரையில்: ஒக்கி

அதே கூதிர் காலத்தில், 2017 நவம்பர் 30 அன்று, நம் கடற்கரைக்கு அருகிலேயே ஒரு புயல் உருவாயிற்று. வங்கதேசம் அதற்கு ஒக்கி என்று பெயரிட்டது. வங்க மொழியில் அச்சொல்லுக்குக் கண் என்று பொருள். நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாக வலுப்பெற்றுவிட்டது. ஒரே நாளில் இவ்வளவு விரைவாக வளர்ந்தமையே அதன் கொடுமை.

திருவனந்தபுரத்தின் பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களிலிருந்தும், கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்து ஊர்களிலிருந்தும் மீனவர் பலர் அதற்கு முன்பே கடலுக்குச் சென்றிருந்தனர். ஆழ்கடலில் பல நாள்கள் தங்கி மீன்பிடிப்பது அவர்களின் வழக்கம். கரையிலிருந்து தொலைவு சென்றபின் கைப்பேசி பயன்படாது. கரையில் ஒலித்த எச்சரிக்கை, ஏற்கெனவே கடலில் இருந்தவர்களின் காதுகளை எட்டவில்லை. இரு மாநிலங்களிலும் நூற்றுக்கணக்கான மீனவர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர்.

அதன்பின் சில மாற்றங்கள் வந்தன. 2018ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள படகுக்கும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் நாவிக் கருவிகள் மீனவர்க்கு வழங்கப்படலாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியபோது, ஒக்கியால் துயருற்ற இக்கடற்கரையின் மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று ஆயிரக்கணக்கான மக்களை மீட்டனர் என்பதும் நாம் மறக்கலாகாத வரலாறு.

வானத்தை அளக்கும் மரபு

நம் நகருக்கு வானிலையை அளப்பதில் நெடிய மரபு உண்டு. சுவாதித் திருநாள் மகாராசா 1837ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் ஒன்றை நிறுவினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் வந்த ஜான் ஆலன் பிரௌன், 1855ஆம் ஆண்டில் அகத்தியமலையின் உச்சியிலும் ஓர் ஆய்வகம் அமைத்தார். வெப்பநிலைமானியும் காற்றழுத்தமானியும் காட்டுவதை நாள் தவறாமல் குறித்து வைக்கும் பழக்கம் அன்றே இந்நகரில் வேரூன்றியது. நேற்றைய அளவுகள் இல்லையேல் இன்றைய மழை மிகுதியா குறைவா என்று எவராலும் கூற இயலாது.

இன்று வானிலைத் துறை வெளியிடும் நிறங்களை நீங்கள் அறிவீர்கள். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்து வர வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே செயற்பட வேண்டும். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை. அதற்கு மேல் 204.4 மில்லிமீட்டர் வரை மிகக் கனமழை. அதையும் கடந்தால் அதி கனமழை. சிவப்பு எச்சரிக்கை என்பது பள்ளி விடுமுறைக்கான அறிவிப்பு மட்டுமன்று என்பதை இப்போது உணர்வீர்கள்.

கடைசி மனிதர் வரை

நான்கு ஊர்களையும் நம் கடற்கரையையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். எந்த இடத்திலும் வானிலையாளர் முற்றிலும் அறியாத நிலை இல்லை. ஒடிசாவில் செய்தி இருந்தது, புகலிடம் போதவில்லை. கொஸ்லந்தையில் எச்சரிக்கை இருந்தது. மாற்று வீடு இல்லை. வலென்சியாவில் காலையில் தெரிந்தது. மக்களுக்கு இரவில் சென்றது. ஒக்கியின்போது கரைக்குத் தெரிந்தது, கடலுக்குத் தெரியவில்லை. நியூயார்க்கின் இரயில்களிலும் பைலின் புயலின்போதும் எச்சரிக்கை செயலாக மாறியது. அங்கே உயிர்கள் பிழைத்தன. எச்சரிக்கை என்பது ஒரு சங்கிலி. அதன் கடைசிக் கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் பயனற்றுப்போகும்.

அந்தக் கடைசிக் கண்ணியாக நீங்கள் இருக்க முடியும். உங்களுள் பலர் வீட்டில் தமிழும், தெருவில் மலையாளமும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் அறிந்தவர்கள். மலையாளத்தில் வரும் அறிவிப்பைப் படிக்க இயலாத பாட்டி உங்கள் வீட்டில் இருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வேலைக்கு வந்த கட்டடத் தொழிலாளர் குடும்பம் அடுத்த தெருவில் இருக்கலாம். அவர்களுக்குப் புரியும் மொழியில், "இன்று ஆற்றங்கரைக்குச் செல்ல வேண்டாம்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம், வானிலை நிலையத்தில் தொடங்கிய பணியை நிறைவு செய்யும். நீங்கள் தமிழ் கற்பது தேர்வுக்காக மட்டுமன்று. உங்களையன்றி வேறு எவராலும் சொல்ல இயலாத ஒரு செய்தியை, அதைக் கேட்க வேண்டியவரிடம் சொல்வதற்காகவும்தான்.

சொற்பொருள்

கூதிர் – குளிர்ந்த காற்று வீசும் பருவம்
வாடை – வடக்கிலிருந்து வீசும் காற்று
கொண்டல் – கிழக்கிலிருந்து வீசும் காற்று
அலையாத்தி – கடலோரச் சேற்று நிலத்தில் வளரும் மரவகை
வழித்தோன்றல் – மரபில் பின்வந்தவர்
ஆயத்தம் – முன்னேற்பாடு
புகலிடம் – ஒதுங்கிப் பாதுகாப்புப் பெறும் இடம்
கண்ணி – சங்கிலியின் ஒரு வளையம்

பயிற்சி

1. ஆறு பெரும்பொழுதுகளையும் அவற்றுக்குரிய மாதங்களையும் வரிசைப்படுத்தி எழுதுக.
2. 1999ஆம் ஆண்டுப் புயலிலும் 2013ஆம் ஆண்டுப் புயலிலும் ஒடிசாவில் நேர்ந்த உயிரிழப்பு ஏன் வேறுபட்டது? ஐந்து தொடர்களில் விளக்குக.
3. மழை மிகக் குறைவாகப் பெய்த ஊரில் வெள்ளம் வந்தது எவ்வாறு?
4. உங்கள் வீட்டு மொட்டைமாடியின் நீள அகலங்களை அளந்து, 65 மில்லிமீட்டர் மழை பெய்தால் அங்கு எத்தனை லிட்டர் நீர் விழும் எனக் கணக்கிடுக.
5. மழை, காற்று, கடல் ஆகியவை தொடர்பான பத்து மலையாளச் சொற்களைத் திரட்டி, அவற்றுக்கு நேரான தமிழ்ச் சொற்களை எழுதுக.
6. மலையாளச் செய்தித்தாளில் வந்த மழை எச்சரிக்கை ஒன்றை, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் புரியும் வகையில் தமிழில் நான்கு தொடர்களாக எழுதி, அவருக்குப் படித்துக் காட்டுக. அவர் கேட்கும் கேள்விகளையும் ஏட்டில் குறித்து வருக.